தோட்டா எதன் மீது நிற்கிறது? மரக்காணத்துத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த வரைபடமும் வந்து சேர்ந்தன. .315 தோட்டாவின் கூட்டை எடுத்து, கழுத்தைச் சுருக்கி, தோளைச் சரிவிலிருந்து நிமிர்த்தி, சிறிய குண்டு ஒன்றை அதில் உட்கார வைத்திருக்கிறாய். கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. டூல் ரூமில் கற்ற கை என்று பார்த்ததுமே தெரிகிறது. உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையின் பட்டறையில் உட்கார்ந்து இப்படி ஒரு படம் வரைகிறான் என்பதில் எனக்குப் பெருமைதான். அதே காரணத்தால்தான் உன்னிடம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

நீ கேட்டிருப்பதெல்லாம் வேகத்தைப் பற்றி. நொடிக்கு எத்தனை அடி கிடைக்கும், தோளை 35 டிகிரி வைப்பதா 40 வைப்பதா, கூட்டின் உடலை நேராக்கினால் இன்னும் எவ்வளவு மருந்து பிடிக்கும். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை நீ கேட்கவே இல்லை. இந்தத் தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் அது உட்காரும் அறைக்குள், எதன் மீது நிற்கிறது? முன்னே போகவிடாமல் அதைத் தடுத்து நிறுத்துவது எது? உன் படத்தில், கூட்டின் அடியில் நீட்டும் விளிம்பின் கனத்துக்கு அளவு இல்லை. தோளின் இடத்துக்கு அளவு உண்டு, ஆனால் கூடுதல் குறைச்சல் எவ்வளவு தாங்கும் என்று எழுதவில்லை. அந்த இரண்டும் இல்லாத வரைக்கும் அது வெறும் உருவப்படம். அதை வைத்து எவரும் இரும்பை வெட்டக்கூடாது.

ஹெட்ஸ்பேஸ் என்றால் என்ன என்று உனக்குப் பாடமாகத் தெரிந்திருக்கும். சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்டின் முகத்திலிருந்து, தோட்டாவை நிறுத்துகிற அந்த இடம் வரைக்கும் உள்ள தூரம். .303, .315 மாதிரி விளிம்புள்ள தோட்டாவுக்கு அந்த இடம் விளிம்பின் முன்பக்கம். 7.62, 30-06 மாதிரி விளிம்பு வெளியே நீட்டாத தோட்டாவுக்குத் தோள். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னத்துக்கு அடியில் சுற்றியிருக்கும் பட்டை. 1912-இல் வந்த அந்தத் தோட்டாவின் தோள் மிகவும் சரிவானது, அதை நம்பி நிறுத்த முடியாது. பட்டை போட்டதற்குக் காரணம் அதுதான். பலத்துக்காகப் போட்டது என்று இன்றைக்கும் பலர் சொல்வார்கள், நம்பாதே.

சுடும் அந்தக் கணத்தில் நடப்பதைத்தான் நீ மனதில் ஊற வைத்துக்கொள்ள வேண்டும். ஃபயரிங் பின் அடித்ததும் தோட்டா முதலில் முன்னால் தள்ளப்படுகிறது. நிறுத்தும் இடத்தில் போய் முட்டுகிறது. மருந்து பற்றி அழுத்தம் ஏறும்போது பித்தளைக் கூட்டின் மெல்லிய முன்பாதி உப்பி, சேம்பர் சுவரை இறுகப் பற்றிக்கொள்கிறது. அடிப்பகுதி தடிமனானது, அது உப்பாது. பின்னால் போல்ட் முகம் வரைக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு தூரம் பின்னால் நகரும். முன்பாதி பிடித்துக்கொண்டு நிற்க, பின்பாதி நகர்ந்தால் இரண்டுக்கும் நடுவில் பித்தளை இழுபடத்தானே வேண்டும்? அடிக்குச் சற்று மேலே, சுவர் மெலியத் தொடங்கும் இடத்தில் இழுபடும். முதல் தடவை வெளியே ஒரு பளபளப்பான வளையம் மட்டும் தெரியும். மறுபடி நிரப்பிச் சுட்டால் உள்ளே பள்ளம் விழும். நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டுச் சுவரோடு இழுத்துப் பார்த்தால் அந்தப் பள்ளம் விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகும் சுட்டால் கூடு இரண்டாகப் பிரியும். .308 தோட்டாவில் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை அழுத்தம் அனுமதி. அந்த வாயு பின்னால் வழி தேடினால், அங்கே இருப்பது சுடுகிறவனின் முகம்.

எவ்வளவு இடைவெளி கூடாது? .308-க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ கேஜ் 1.634, ஃபீல்ட் கேஜ் 1.638. முதல் இரண்டுக்கும் நடுவில் நாலு தௌதான், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு. கோ கேஜ் போட்டால் போல்ட் மூட வேண்டும், நோ-கோ போட்டால் மூடக்கூடாது. இதை நீ பிறந்த ஊரே உனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. தெப்பத்துத் தண்ணீரைப் பாத்திக்கு விடுவதற்கு முன்னால் மானியை மிதக்கவிட்டு உப்பின் டிகிரி பார்ப்பார்களே. 25-ஐ எட்டாத தண்ணீர் உப்பாக உறையாது. 29, 30-ஐத் தாண்டிவிட்டால் கசப்பு உப்பு சேர்ந்து சரக்கு கெடும். கீழே ஓர் எல்லை, மேலே ஓர் எல்லை, நடுவில் இருப்பதுதான் உப்பு. உன் அப்பா கண்ணால் பார்த்தே டிகிரி சொல்லக்கூடியவராக இருக்கலாம். ஆனாலும் மானியை மிதக்கவிடாமல் மடையைத் திறக்க மாட்டார். சேம்பர் வெட்டுகிறவனுக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும்.

இனி வைல்ட்கேட்டுக்கு வருவோம். எந்தத் தொழிற்சாலையும் தரப்படுத்தாத தோட்டா, இருக்கிற ஒரு கூட்டை மாற்றித் தானே செய்துகொண்டது. அமெரிக்காவில் இது ஒரு பெரிய மரபு. 7x57 மவுசர் கூட்டின் கழுத்தைச் சுருக்கி நெட் ராபர்ட்ஸ் செய்ததை ரெமிங்டன் கம்பெனி 1934-இல் .257 ராபர்ட்ஸ் என்று தரப்படுத்தியது. .22-250 பல பத்தாண்டுகள் பட்டறைத் தோட்டாவாகவே இருந்து, 1965-இல்தான் கம்பெனிக்குள் வந்தது. .25-06-க்கு 1969 வரை ஆனது. பி. ஓ. அக்லி என்ற துப்பாக்கிக் கம்மியர் இருக்கிற தோட்டாக்களின் உடலை நேராக்கி, தோளை 40 டிகிரிக்கு நிமிர்த்தி, 'இம்ப்ரூவ்டு' என்று ஒரு வரிசையே செய்தார். உன் படத்தில் இருக்கும் 40 டிகிரி அவரிடமிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அவருடைய டிகிரியை எடுத்துக்கொண்ட நீ அவருடைய கவனத்தை எடுத்துக்கொள்ளவில்லை. விளிம்பில்லாத தோட்டாக்களுக்கு அவர் தம் சேம்பரைக் கம்பெனி அளவைவிட நாலு தௌ குறைவாக நிறுத்தினார். ஏன்? முதல் முறை புதுச் சேம்பரில் சுடப்படும் கம்பெனித் தோட்டாவுக்குப் புதுத் தோள் இன்னும் உருவாகியிருக்காது. கழுத்தும் தோளும் சேரும் அந்த ஒரு வளையத்தில் மட்டும் அது முட்டும். நாலு தௌ குறைத்து வைத்தால் போல்ட் மூடும்போதே அந்த இடம் இலேசாக நசுங்கி, தோட்டா அசையாமல் பிடிபடும். அப்போது கூடு முன்னால் ஊதி உருவெடுக்குமே தவிர, பின்னால் இழுபடாது. அக்லியின் கெட்டிக்காரத்தனம் தோளில் இல்லை தம்பி, அந்த நாலு தௌவில் இருக்கிறது.

உன் தோட்டாவுக்கு விளிம்பு உண்டு என்பதால் உனக்கு வேறு ஒரு சிக்கல். முதல் முறை சுடும்போது விளிம்பு நிறுத்தும். அதன்பின் கூடு சேம்பரின் உருவத்தை எடுத்துக்கொண்டதும், உன் நிமிர்ந்த தோளும் நிறுத்தும் இடமாகிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் நிறுத்த முயன்றால், ஒன்று போல்ட் மூடாது, இல்லையென்றால் நீ நம்பாத ஒன்றின் மீது தோட்டா நிற்கும். முதல் சுடலுக்கு விளிம்பு, பிறகு தோள் என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தைப் படத்தில் எழுது. சுட்ட கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் டையை எங்கே நிறுத்துவது என்பது வரைக்கும் அதில் வர வேண்டும்.

அமெரிக்கக் கதைகளை மட்டும் படித்துவிட்டு இது நம் நாட்டில் இல்லாத கலை என்று எழுதியிருக்கிறாய். அதை நான் ஏற்க மாட்டேன். நம் நாட்டில் சேம்பர்களை மாற்றியது வேட்டைக்காரனின் ஆசையைவிடச் சட்டம்தான். ராணுவத் தோட்டா வெளியே யார் கைக்கும் போய்விடக்கூடாது என்ற ஆங்கிலேய அரசின் பயம் எத்தனை தோட்டாக்களைப் பெற்றது என்று பார். .577/450 மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் நாடெங்கும் கிடந்ததால், 1900-களின் முதல் பத்தாண்டில் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவையே தனியாருக்குத் தடை செய்தார்கள். யானை, காட்டெருமை வேட்டைக்கு .450-ஐயே நம்பியிருந்த லண்டன் கம்பெனிகள் ஒவ்வொன்றும் அவசரமாக வேறு அளவு தேடின. 1907-இல் ஜோசப் லாங் கொண்டுவந்த .470, ஹாலண்டின் .465, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .476, இவையெல்லாம் அந்தத் தடையின் பிள்ளைகள். இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் இரட்டைக்குழல் ரைஃபிள் என்றால் .470 என்கிறார்கள். அதன் பிறப்புச் சான்றிதழ் இந்தியச் சட்டம்.

.315-இன் கதையும் இதேதான். அது ஆஸ்திரியாவின் 8x50 மன்லிக்கர் ராணுவத் தோட்டா. ஆங்கிலேய ராணுவத்தின் .303-ஐத் தனியார் வைத்திருக்கக்கூடாது என்றானதும், அதைச் சுட்ட லீ-என்ஃபீல்ட் ரைஃபிளின் அதே அமைப்பில், .303-க்கு நெருங்கிய பருமனும் விளிம்பும் உள்ள இந்தத் தோட்டாவை வைத்து பி.எஸ்.ஏ. போன்ற கம்பெனிகள் இந்தியாவுக்கு விற்றன. பிறகு மேற்கு வங்கத்து ஈசாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை அதைக் கையில் எடுத்தது. ஆஸ்திரியப் பேரரசு போய் நூறு ஆண்டு கடந்த பிறகும் அதன் தோட்டா நம் விவசாயிகளின் உரிமப் புத்தகத்தில் வாழ்கிறது. நீ கழுத்தைச் சுருக்க நினைப்பது அப்பேர்ப்பட்ட கூட்டை.

ஈசாப்பூரிலேயே செய்த .410 மஸ்கெட்டைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுப்பதற்காக .303 லீ-என்ஃபீல்டை மாற்றினார்கள். குழலுக்குள் ஓடும் சுருள் வரியை எடுத்து வழுவழுப்பாக்கினார்கள். மேகசின் இடத்தில் மரக்கட்டையை வைத்து அடைத்து, ஒவ்வொன்றாகத்தான் போட முடியும் என்று செய்தார்கள். தோட்டா? .303-இன் கூட்டையே எடுத்து, கழுத்தையும் தோளையும் போடாமல் நேராக விட்டார்கள். அமெரிக்கக் கடையில் விற்கும் சாதாரண .410 சிதறு தோட்டா இதில் நுழையாது, அதன் அடி பெரியது. அரசுத் தொழிற்சாலை செய்ததால் கண்டிப்பான பொருளில் இதை வைல்ட்கேட் என்று சொல்ல முடியாது. செய்முறை அதேதான். இதில் என்னை வியக்க வைப்பது, அவர்கள் எதை மாற்றாமல் விட்டார்கள் என்பது. தோள் போனது, வரி போனது, மேகசின் போனது. விளிம்பு மட்டும் அப்படியே இருந்தது. விளிம்பு மாறாததால் போல்டும், கூட்டை வெளியே இழுக்கும் இழுப்பானும், அது நிற்கும் இடமும் மாறவில்லை. தோட்டாவை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்று, நிற்கும் இடத்தை மாற்றாதே என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

அந்த இடத்தையும் மாற்றிய கதை ஒன்று அதே ஈசாப்பூரில் உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 தோட்டாவுக்கு லீ-என்ஃபீல்டையே மாற்றிச் செய்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள். வெளியே பார்த்தால் பழைய முதல் உலகப் போர் ரைஃபிள் மாதிரியே இருக்கும். ஆனால் விளிம்பின் மீது நின்ற தோட்டா இப்போது தோளின் மீது நிற்க வேண்டும். அழுத்தமும் கூடுதல். எஃகை மாற்றினார்கள், மேகசினை மாற்றினார்கள், இழுப்பானை மாற்றினார்கள். லீ போல்டின் பூட்டுக் கட்டிகள் பின்பக்கம் இருப்பதால் ஒவ்வொரு சுடலிலும் உடல் கொஞ்சம் நெகிழும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது. ஒரு தோட்டாவின் நிற்கும் இடம் மாறினால் ஒரு தொழிற்சாலையே அதற்காக உழைக்க வேண்டியிருக்கிறது. நீ ஒரு லேத்தோடும், சேம்பரை வெட்டும் ஒரு ரீமரோடும் இறங்குகிறாய்.

பழைய .303 சேம்பர்களை அளந்திருந்தால் ஒன்று கவனித்திருப்பாய். விளிம்பைப் பிடிக்கும் அளவில் 0.064-லிருந்து 0.074 அங்குலம் வரைக்கும் ராணுவம் அனுமதித்தது, பத்து தௌ. தோள் பக்கமோ தாராளமாக முன்னால் தள்ளி வெட்டப்பட்டிருக்கும். கவனக்குறைவு அல்ல, வேண்டுமென்றே விட்ட இடம். சேறும் மணலும் ஒட்டிய தோட்டாவும் உள்ளே போக வேண்டும், சுட்ட பிறகு வெளியே வர வேண்டும். இதற்கு எதிர்மாறான உதாரணம் கனடாவின் ராஸ் ரைஃபிள். அதே .303 தோட்டாதான், சேம்பர் மட்டும் இறுக்கமானது. குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் ராஸ் பேர் வாங்கியது. 1915 ஏப்ரலில், ஈப்ர நகரைச் சுற்றிய இரண்டாவது போரில், பிரிட்டனில் செய்த தோட்டாக்கள் அந்தச் சேம்பரில் இறுகிக்கொண்டன. விஷவாயுவுக்கு நடுவில் கனடா வீரர்கள் போல்டைக் காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. பலர் அதை எறிந்துவிட்டு, செத்துக் கிடந்த ஆங்கிலேயரின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டார்கள். சேம்பர்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், கடைசியில் 1916-இல் ராஸையே போர்முனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு துப்பாக்கியிலும் .303 என்றுதான் பொறித்திருந்தது. பெயர் ஒன்று, சேம்பர் வேறு.

உன் படத்தில் உடலை நேராக்கியிருப்பதைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. கூடு நேரானால் சுவரை நன்றாகப் பற்றும், போல்ட் மீது வரும் உதை குறையும் என்பது சரி. ஆனால் பற்றியது விட்டு வெளியே வர வேண்டுமே. கூம்பலான கூடு அரை நூல் நகர்ந்தாலே சுவரை விட்டு விலகும். நேரான கூடு கடைசி வரை உரசிக்கொண்டே வரும். நம் ஊர் வெயிலில் மருந்தின் வேகமும் அழுத்தமும் ஏறும், பழைய கார்டைட் மருந்து இதில் மிக மோசம். .375 ஹாலண்டுக்கு அந்த நீண்ட கூம்பு இருப்பதும், .470-க்குப் பெரிய கூட்டில் குறைந்த அழுத்தம் வைத்ததும் வெப்ப நாடுகளில் கூடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். .450/400 தோட்டாவை ஜெஃப்ரி கம்பெனி 1902-இல் மூன்று அங்குலத்துக்குச் சுருக்கிய போது விளிம்பைத் தடிமனாக்கியதும் இந்தக் காரணத்தினால்தான், பழையதன் மெல்லிய விளிம்பை இழுப்பான் கிழித்துவிடும். ஜிம் கார்பெட் ஆட்கொல்லிகளுக்கு எதிரே எடுத்துப்போன இரட்டைக்குழல் அந்த .450/400. சேலம், தருமபுரிக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் வைத்திருந்தார், அதுவும் விளிம்புள்ள தோட்டா. அக்னி நட்சத்திரத்தில் காருக்குள் கிடந்த தோட்டாவை உன் சேம்பரில் போடுவான் ஒருவன், அவனை நினைத்து வரை. கூம்பலை முழுவதும் எடுத்துவிடாதே.

உன் ஊர்க்காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கதவுக் கீலும் சைக்கிள் செயினும் மரக்காணத்தில் என்ன ஆகும் என்று தெரிந்தவன் நீ. அதே காற்று சேம்பருக்குள்ளும் போகிறது. பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, சாப்பாட்டு உப்பின் நெருங்கிய உறவு. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெயில் அது கரையாது. .303 பிடித்த சிப்பாய்கள் குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவியதற்குக் காரணம் இதுதான், உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். பழைய தோட்டா சுட்ட துப்பாக்கி உன் மேசைக்கு வந்தால் முதலில் தண்ணீர், பிறகு நன்றாக உலர்த்தி எண்ணெய்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு வழக்கம் உண்டு. துருவுக்குப் பயந்து சேம்பர் நிறைய எண்ணெய் விட்டு வைப்பார்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், மாதக்கணக்கில் அங்கே இருக்கப் போகிறதே என்று இன்னும் தாராளமாக விடுவார்கள். திரும்பி வாங்கியதும் துடைக்காமல் சுடுவார்கள். அது துருவைவிட ஆபத்து. எண்ணெய் பூசிய சுவரைப் பித்தளை பற்றாது, மொத்த உதையும் போல்டின் மீது விழும். லீ-என்ஃபீல்டுகளின் பலத்தைச் சுட்டுப் பார்க்கும் புரூஃப் சோதனையில் உலர்ந்த தோட்டா ஒன்றும் எண்ணெய் தடவிய தோட்டா ஒன்றும் சுட்டார்கள். அந்த அளவுக்கு வித்தியாசம் உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே சுடுவதற்கு முன் சேம்பர் உலர்ந்திருக்க வேண்டும். மறுபக்கம், துரு அரித்துப் புள்ளி விழுந்த சேம்பரில் கூடு அந்தப் புள்ளிகளுக்குள் ஊதிப் பிடித்துக்கொள்ளும். வாடிக்கையாளர் ஹெட்ஸ்பேஸ் கோளாறு என்று கொண்டு வருவார். கேஜ் போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். உள்ளே விளக்கு அடித்துப் பார். இரண்டு நோயையும் குழப்பிக்கொள்ளாதே.

சட்டத்துக்கு வருகிறேன். நீ இதை எரிச்சலோடு படிக்கலாம், ஆனால் படி. நம் ஆயுத விதிகள் தடை செய்யப்பட்ட ஆயுதங்களைச் சொல்லும் இடத்தில் .303, 7.62 என்ற பெயர்களோடு நிற்கவில்லை. ராணுவத்தின் .303 அல்லது 7.62 தோட்டா எந்தச் சேம்பருக்குள் போய்ச் சுடப்படக்கூடுமோ, அந்தத் துப்பாக்கியும் அதே வகைதான் என்கின்றன. .410 மஸ்கெட் தோட்டாவைச் சுடக்கூடியதும் அப்படியே. சேம்பரைப் புரிந்துகொண்டு எழுதிய வாசகம் அது. ஆகவே உன் வரைபடத்தைச் சட்டமும் அளந்து பார்க்கும். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியையோ தோட்டாவையோ செய்வது, மாற்றுவது, பழுதுபார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். உன் முதலாளியின் உரிமத்தில் பழுதுபார்ப்பு மட்டும் இருக்கிறதா, மாற்றுவதும் உற்பத்தியும் இருக்கிறதா என்று முதலில் வாங்கிப் படி. வாடிக்கையாளரின் உரிமத்தில் .315 என்று இருக்கும்போது உன் சேம்பர் வேறு அளவாகிவிட்டால், அவர் கையில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதம். எழுத்தில் அனுமதி கிடைக்காமல் ஒரு குழலையும் தொடாதே. அனுமதி கிடைக்கவே இல்லையென்றால், படம் வரை, கேஜ் செய், மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மித் தோட்டா செய், சேம்பருக்குள் வார்ப்பு எடுத்து அளந்து பழகு. இந்தத் தொழிலின் பெரும்பகுதி அங்கேயே கற்கக் கிடைக்கிறது.

விடுமுறைக்கு ஊர் வரும்போது உப்பளத்துக்கு அப்பால் ஆளில்லாத இடத்தில் சுட்டுப் பார்க்கலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். கூடவே கூடாது. மரக்காணத்தில் ஆளில்லாத இடம் என்று ஒன்று இல்லை. விடியுமுன்னே பெண்கள் பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள் என்று உனக்கே தெரியும். ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும், தண்ணீர்ப் பரப்பில் பட்டால் எந்தத் திசையில் எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்துக் கழுவெளிச் சதுப்பு 2021 டிசம்பரிலிருந்து பறவைகள் சரணாலயம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைத் துப்பாக்கிக்கு இந்தக் கரையில் வேலையே இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. சோதனை என்றால் அங்கீகாரம் பெற்ற சுடுதளம், துப்பாக்கியைத் தாங்கியில் இறுக்கி, தூரத்திலிருந்து கயிறு இழுத்து. வேறு வழி எனக்குத் தெரியாது, உனக்கும் இருக்கக்கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று நினைப்பாய். கம்பெனித் தோட்டா ஒன்றுக்குப் பின்னால் ஒரு குழு இருக்கிறது. சேம்பரின் குறைந்த அளவு, தோட்டாவின் அதிக அளவு, கேஜ், அழுத்தம் எல்லாவற்றையும் அவர்கள் உட்கார்ந்து தீர்மானித்து அச்சடித்திருக்கிறார்கள். சேம்பர் வெட்டுகிறவனும் தோட்டா செய்கிறவனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, இருந்தாலும் ஒருவர் செய்தது மற்றவர் செய்ததில் பொருந்துகிறது. வைல்ட்கேட் செய்கிறவனுக்கு அந்தக் குழு கிடையாது. நீயே அந்தக் குழு. நீ கடையை விட்டுப் போன பிறகு, நீ செத்த பிறகும், அந்தத் துப்பாக்கி யாரோ ஒருவர் கையில் இருக்கும். அதன் குழலில் என்ன பொறித்திருக்கிறது என்பதை நம்பித்தான் அவர் தோட்டாவைப் போடுவார். பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரைப் பொறிக்காமல் விட்டால், அவர் .315 என்று நம்பி .315 போடுவார். உன் சுருங்கிய கழுத்துக்குள் பெரிய குண்டு போகாது என்றால் தப்பித்தார். போய்விட்டால்? பெயர், தாய்க்கூடு, நிற்கும் இடம், இந்த மூன்றும் குழலில் பொறிக்கப்பட வேண்டும். ரீமரின் வரைபடம், வார்ப்பின் அளவுகள், முதலில் சுட்ட கூடு ஒன்று, இவை துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் போக வேண்டும். கடைப் பேரேட்டில் ஒரு நகல் இருக்கட்டும்.

ஒரே ஒரு கட்டளையாக இதை வைத்துக்கொள். ரீமரும் ஹெட்ஸ்பேஸ் கேஜும் ஒரே வரைபடத்திலிருந்து, ஒரே இடத்தில், ஒரே நாளில் செய்யப்பட வேண்டும். கேஜ் இல்லாமல் வந்த ரீமரை இரவல் வாங்காதே, இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதே. கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், கேஜை வாங்கு.

அன்புடன்,
உன் ஊர்க்கார அண்ணன்